இரண்டு நிமிடம்தானே!

நடுச்சாலையில் வழியை அடைத்து நின்ற ஒரு காரைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட படத்துக்கு இன்னும் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் சிரித்திருக்கிறார்கள். திட்டியவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. சிரித்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. சிக்னலுக்குச் சற்று முன்னால், வண்டிகள் ஓடும் தடத்திலேயே காரை நிறுத்தி, நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்ன வாசகம்தான் மேலே தலைப்பாக இருக்கிறது. கூடவே, "நீங்கள் என்ன போலீஸா?" என்றும் கேட்டார். இல்லை ஐயா. உங்கள் காருக்குப் பின்னால் நகர முடியாமல் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன்.

அந்த மினுக்கும் விளக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டி பழுதாகி நின்றுவிட்டால் பின்னால் வருபவரை எச்சரிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கோ அது பாவமன்னிப்புச் சீட்டு. பொத்தானை அழுத்திவிட்டால் எங்கும் நிற்கலாம், எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

சரி, இரண்டு நிமிடத்துக்கே வருவோம். அந்த பஸ்ஸில் நாற்பது பேராவது இருந்திருப்போம். தலைக்கு இரண்டு நிமிடம் என்றால் எண்பது நிமிடம். ஒரே ஒரு பஸ்ஸில் மட்டும்! பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்தில் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு வண்டி சிக்னலைக் கடக்கும். அவர் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பாதி சிவப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தடத்தில் போயிருக்க வேண்டிய முப்பது வண்டிகள் போகவில்லை. அவை பக்கத்துத் தடத்துக்குள் மூக்கை நுழைக்கின்றன. அங்கே ஒழுங்காக வந்தவன் பிரேக்கை மிதிக்கிறான், அவனுக்குப் பின்னால் வருபவனும் மிதிக்கிறான். நேரம் அவருடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். செலவானது எங்களுடையது.

"அவர்தான் உடனே போய்விட்டாரே" என்று ஒருவர் எழுதியிருந்தார். போய்விட்டார். நெரிசலும் அவரோடு சேர்ந்து போகுமா? ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓட்டுங்கள் என்றார்கள். முடிவு 2008இல் வெளியானது. அங்கே சிக்னல் இல்லை, குறுக்கே நிறுத்தியவர் இல்லை, கைப்பேசி நோண்டியவர் இல்லை. ஆளுக்கு ஆள் வேகத்தில் கொஞ்சம் கூடக்குறைய இருந்ததற்கே நெரிசல் முளைத்து, அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. ஒழுங்காக ஓட்ட முயன்றவர்களின் கதியே அது. சாலையை முற்றத்துத் திண்ணையாக நினைப்பவர் போன பிறகு பின்னால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடக்கவும் நடந்தது. அவர் கிளம்பியதும் பொறுமையிழந்த நாலைந்து வண்டிகள், எதிரே இடமில்லை என்று தெரிந்தே சந்திப்புக்குள் நுழைந்து நடுவில் மாட்டிக்கொண்டன. பச்சை விழுந்தால் போகலாம் என்றுதானே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? இல்லை. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே இதற்கு விதி இருக்கிறது: பச்சையே எரிந்தாலும், சந்திப்புக்குள் சிக்கிக் குறுக்குப் போக்குவரத்தை மறிக்க நேரும் என்றால் உள்ளே நுழையக் கூடாது. பச்சை விளக்கு தருவது அனுமதி மட்டும்தான். அதை எல்லோரும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி அறிவுரை சொன்னவர்களுக்கு. "காரில்லாதவனின் பொறாமை" என்கிறார் ஒருவர். எனக்கும் கார் இருக்கிறது, இருபது வருடமாக ஓட்டுகிறேன். நானும் ஒருமுறை இப்படி நிறுத்தியிருக்கிறேன், மறைக்கவில்லை. பின்னால் வந்த ஒரு முதியவர் ஹார்ன்கூட அடிக்காமல் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. "சாலைகள் குறுகல், நிறுத்த இடமில்லை, அரசைக் கேளுங்கள்" என்கிறார் இன்னொருவர். நியாயம், கேட்போம். ஆனால் குறுகலான சாலை என்று தெரிந்த பிறகும் அதன் நடுவில் நிறுத்துவதற்கு அரசா வந்து காரை ஓட்டியது? "அவருக்கு என்ன அவசரமோ, மனிதாபிமானம் வேண்டாமா?" என்பது மூன்றாவது. இதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. மனிதாபிமானம் நிற்கிற காருக்கு மட்டும்தானா? பின்னால் நின்ற முப்பது வண்டிகளிலும் ஆட்கள்தானே இருந்தார்கள்? அவர்களில் எவருக்கும் அவசரம் இருக்காதா?

இதைக் கேட்டவன் யாரோ என்றால் கடந்து போயிருப்பேன். சிரிப்புக் குறியும் போட்டு, "உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று எழுதியவன் என் நண்பன். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியும்.

உன் அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன இரவு வண்டியை ஓட்டியது நான். பின் இருக்கையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நீ இருந்தாய். கடைசித் திருப்பத்தில் ஒரு கார், இதே நான்கு விளக்குகளும் மினுக்க, வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நீ முன்னால் எக்கி என் தோளுக்கு மேல் கையை நீட்டி ஹார்னை அழுத்தினாய், எடுக்கவே இல்லை. அந்தக் காரின் ஆள் நிதானமாக வந்து ஏறினான். எவ்வளவு நேரம் என்று அன்று நீதான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாய்.

அப்பா பிழைத்துக்கொண்டார், நல்லவேளை. அவரிடம் என் பதிவைக் காட்டு. அதற்கு முன்னால் அந்தச் சிரிப்புக் குறியை மட்டும் எடுத்துவிடு.