அச்சுக்கு 15,000 டாலர் கொடுக்கும் முன்

போன வாரம் சாக்ரமெண்டோவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். மலைப்பாதைக்கென்றே செய்த ஜீப் ரூபிகான் வைத்திருக்கிறார். 35 அங்குல டயர் போட்டு, வருடத்துக்கு இரண்டு முறை மலைப்பாதைக்குப் போகிறவர். "அண்ணா, முன்னும் பின்னும் டேனா 60 அச்சு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டும் சேர்த்து 15,000 டாலர் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். டேனா 60 என்பது கனரக வண்டிகளுக்கான தடித்த அச்சு. வேண்டாம் என்றேன். அவர் குரல் வாடிவிட்டது. காரணத்தைப் போனில் கோவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே யோசனையில்தான் இருந்தேன். கலிஃபோர்னியாவில் லூன் ஏரியிலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் ரூபிகான் பாதை தெரிந்திருக்கும். 2003-இல் ஜீப்புக்கு வைத்த பெயர் இந்தப் பாதையின் பெயர்தான். அதில் கேடிலாக் மேடு ஏறும்போது என் இடது முன்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நான் போட்டிருந்தது 37 அங்குல டயர். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து வைத்திருந்தேன். பின்னால் நான்கு வண்டிகள் காத்து நிற்கின்றனவே என்ற அவசரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். சிதறுகாய் உடைத்தது போல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட் என்பது அச்சுக்குள் ஓடிச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு; சக்கரம் திரும்பும்போது அது மடங்க உதவும் மூட்டுதான் யு-ஜாயிண்ட். சக்கரத்தை ஒட்டியுள்ள யு-ஜாயிண்ட் பிளந்து, அதைப் பிடித்திருந்த ஷாஃப்ட்டின் காது ஒன்று முறிந்து தொங்கியது. முறிந்த முகம் உடைத்த வெல்லக்கட்டி போல மணல் மணலாக இருந்தது. நிறம் மட்டும் சாம்பல். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுத்த கோடு. அந்த இடம் அன்றைக்கு உடைந்ததல்ல. பல நாளுக்கு முன்பே விரிசல் விட்டு, ஈரமும் அழுக்கும் ஏறிக் கறுத்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. வண்டியைச் செய்தவர்கள் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் கொடுத்தது 33 அங்குல டயர். 37 போட்டவன் நான். உடன் வந்த நண்பரிடம் மாற்று ஷாஃப்ட் இருந்தது. சக்கரம் பொருந்தும் ஹப்பின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றி அதை மாட்டி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. மனைவியும் மகனும் அதுவரை ஒரு பாறை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஷாஃப்ட் ஏன் முறிகிறது என்று புரிந்துகொண்டால்தான் செலவைப் பற்றிப் பேச முடியும். இன்ஜினின் விசை மூன்று இடங்களில் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது: கியர்பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சின் நடுவே உள்ள பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல். 2018 முதல் 2023 வரை வந்த, கியரைக் கையால் மாற்றும் ரூபிகானில் முதல் கியர் 5.13, டிரான்ஸ்ஃபர் கேஸ் 4, டிஃபரன்ஷியல் 4.10. மூன்றையும் பெருக்கினால் 84 மடங்கு வருகிறது. 3.6 லிட்டர் இன்ஜின் தரும் 353 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, கணக்குப்படி 29,000-ஐத் தாண்டிவிடுகிறது. எந்த ஷாஃப்ட்டும் இதைத் தாங்கி ஓடவில்லை. அவ்வளவு விசை வருவதற்குள் டயர் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் அச்சைக் காப்பாற்றுகிறது. சக்கரம் பாறையில் மாட்டிக்கொண்டால் வழுக்க வழியில்லை. ஸ்டீயரிங்கும் ஒடிந்திருந்தால் யு-ஜாயிண்ட் மிகப் பலவீனமான கோணத்தில் நிற்கிறது. அப்போது மிதித்தால் போய்விடும்.

டயர் பெரிதாகப் பெரிதாக இன்னொரு சங்கடமும் சேர்கிறது. இன்ஜின் திணறாமல் இருக்க டிஃபரன்ஷியல் விகிதத்தை 5.13-க்கு ஏற்றுகிறோம். பழைய 4.10 என்பது 41 பல் கிரௌன் சக்கரமும் (பெரிய பல்சக்கரம்), அதைச் சுழற்றும் 10 பல் பினியனும் (சின்னப் பல்சக்கரம்). 5.13 என்றால் அதே 41 பல்லுக்கு எதிரே பினியனில் எட்டே பல். இவற்றை மூடியிருக்கும் உறை அதே உறைதான், ஆகவே பினியன்தான் சிறுத்துப் போகிறது. பெரிய டயரின் பாரத்தை இழுக்கச் சிறிய பினியனைப் பிடித்துக் கட்டுகிறோம். 37 அங்குலக்காரர்கள் பணத்தை இழப்பது இந்த நடுவழியில்தான் என்பது என் கருத்து. இன்றைக்கு ஷாஃப்ட், நாளைக்குப் பல்சக்கரம், மறுநாள் பேரிங் என்று தவணை முறையில் செலவழித்து, கடைசியில் டேனா 60-ஐயும் வாங்குகிறார்கள்.

அப்படியானால் முதலிலேயே 60 வாங்கிவிடலாமே என்று தம்பி கேட்டார். 15,000 என்பது அச்சின் விலை மட்டும். இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றுக்கு எட்டு போல்ட் சக்கரம் வேண்டும்; ஜீப்பில் இருப்பது ஐந்து போல்ட். ஆக, மாற்றுச் சக்கரத்தையும் சேர்த்து ஐந்து ரிம்கள் புதிதாக வாங்க வேண்டும். விசையை அச்சுக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். பிரேக் குழாய், ஏபிஎஸ் சென்சார், ஸ்டீயரிங் கம்பிகள், இவை எல்லாவற்றையும் பொருத்தும் கூலி. நான் அன்று தாளில் எழுதிக் கூட்டியபோது அச்சின் விலையில் பாதிக்கு மேல் மற்றவை வந்தன.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. ரூபிகானின் கிரௌன் சக்கரம் முன்னால் 210 மில்லிமீட்டர், பின்னால் 220. டேனா 60-இல் 248. கிரௌன் சக்கரம் பெருத்தால் உறையும் பெருத்துக் கீழே தொங்கும். 35 அங்குல டயரோடு 60-ஐ மாட்டினால் பாறையில் உரசும் இடம் முன்பைவிடத் தாழ்ந்துவிடும். டயரின் விட்டத்தை 2 அங்குலம் கூட்டினாலும் அச்சு உயர்வது 1 அங்குலம்தான். தாழ்ந்து தொங்காதபடி செதுக்கிய உறைகளும் உண்டு. அவற்றுக்கு விலை இன்னும் கூடுதல்.

காயலான் கடையில் 2005-க்குப் பிந்தைய ஃபோர்டு எஃப்-250 அல்லது எஃப்-350 லாரியின் முன் டேனா 60 அச்சு கிடைத்தால் விலை பல மடங்கு குறையும். அச்சை வண்டியோடு இணைக்கும் அதன் பிடிகளை அறுத்தெடுத்துவிட்டு ஜீப்புக்கான பிடிகளை வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே இடத்தில் சூட்டை ஏற்றினால் குழாய் வளைந்துவிடும். கை தேர்ந்த வெல்டர் பக்கத்தில் இல்லையென்றால் அதில் இறங்காதீர்கள்.

40 அங்குல டயர், எடை ஏற்றிய வண்டி, மாதம் தவறாமல் பாறைப் பயணம் என்று இருப்பவருக்கு 60 தேவை. அவர் தயங்கவே கூடாது. 60-ஐ நான் மதிக்கும் காரணம் இன்னொன்றும் உண்டு. டேனா 60 பின் அச்சுகள் பலவற்றில் வண்டியின் பாரத்தை உறையே தாங்கும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் அதன் இடத்தில் நிற்கும். 2024-க்கு முந்தைய ரூபிகானின் பின் அச்சில் பாரமும் ஷாஃப்ட்டின் மேல்தான். வெளிமுனையில் முறிந்தால் சக்கரமே கழன்று போகலாம். குழந்தைகளை ஏற்றிச் செல்பவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கடைசியில் செய்தது இதுதான். முன்னால் குரோமோலி என்ற உறுதியான எஃகில் செய்த ஷாஃப்ட்டும் வலுவான யு-ஜாயிண்ட்டும், ஏறத்தாழ 900 டாலர். முன்சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளைத் தாங்கும் இடத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங். டயரை 35-க்கு இறக்கினேன். ஸ்டீயரிங் ஒடிந்திருக்கும்போது காலைத் தூக்கப் பழகினேன். இந்த மூன்று வருடத்தில் அதே மேட்டை நான்கு முறை ஏறிவிட்டேன், ஒன்றும் உடையவில்லை.

தம்பி இப்போது கடன் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் பின் டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றுகிறோம். எண்ணெயில் துகள் எவ்வளவு இருக்கிறது, பற்கள் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு முன்பக்கத்து யு-ஜாயிண்ட் காதுகளை மண்ணெண்ணெயில் துடைத்து, டார்ச் அடித்துக் கறுத்த கோடு தேட வேண்டும். காந்தமும் புது எண்ணெயும் நான் கொண்டு போகிறேன்.