ரெண்டு அம்மா எண்டா ஆர் ஏசுறது?

போன கிழமை முழுக்க எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பெற்றோர் வட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் அங்கே லெவன் பிளஸ் ரியூஷன், தொலைந்துபோன ஜம்பர், பிறந்தநாள் கேக்குக்கு முட்டை போடலாமா கூடாதா என்ற அளவில்தான் கதை போகும். லண்டனின் இந்தப் பக்கத்தில் வகுப்புக்கு நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளாவது இருப்பதால் குழுவில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்கள்.

பள்ளிக்கூடம் அனுப்பிய ஒரு கடிதத்தில்தான் எல்லாம் தொடங்கியது. உறவுகள் பற்றிய கல்விக்கான கொள்கையைப் புதுப்பிக்கிறோம், பெற்றோர் வந்து பாடப் பொருட்களைப் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம் என்று இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: குடும்பங்களைப் பற்றிப் படிப்பிக்கும்போது ஒரே பாலினப் பெற்றோர் உள்ள குடும்பங்களும் இடம்பெறும். அவ்வளவுதான். பின்னேரம் ஆறு மணிக்குள் அந்த ஒரு வரி, 'பெடியன்களைப் பெட்டையள் ஆக்கப் பழக்கினம்' என்று மாறி, பர்மிங்ஹாமில் எடுத்த ஒரு பழைய வீடியோவோடு வந்து சேர்ந்தது. இரவு ஒன்பது மணிக்கு யாரோ ஒரு ஆயத்தக் கடிதம் போட்டார். 'கீழே பெயரைப் போட்டு அனுப்புங்கோ, பிள்ளையை இந்த வகுப்பில இருந்து விலக்கச் சொல்லிக் கேட்டிருக்கு.'

நானும் கட்டைவிரல் போட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்து, சோறு வடித்துக்கொண்டு, ஒரு கையில் ஃபோனோடு போட்ட கட்டைவிரல் அது. சின்னவளுக்கு எட்டு வயது, நாலாம் ஆண்டு. அவளுக்கு யாரோ என்னவோ சொல்லிக் கொடுக்கப்போகிறார்கள், எனக்குத் தெரியாமல், என்று நினைத்தபோது அடிவயிற்றில் ஒரு பயம் வந்தது உண்மை. அந்தப் பயத்தைப் பிற்போக்கு என்று ஒரு சொல்லில் தட்டிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளையை ஆறு மணிநேரம் இன்னொருவர் கையில் விடுகிற யாருக்கும் அது வரத்தான் செய்யும்.

ஆனால் அடுத்த நாள் அந்த ஆயத்தக் கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். அது கேட்டதைச் சட்டம் தராது. இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரில் இருந்து ஆரம்பப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயம். அதில் இருந்து பிள்ளையை விலக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை. விலக்கும் உரிமை பாலியல் கல்விக்கு மட்டும்தான். ஆரம்பப் பள்ளியில் அது கட்டாயமும் இல்லை, வைத்தாலும் பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில்தான். விலக்கிவிடுங்கள் என்று நாங்கள் கேட்டால் தலைமை ஆசிரியர் விடத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால் பதில் என்னவாக இருக்கும்? 'உங்கள் கடிதத்துக்கு நன்றி' என்று தொடங்கும் நாலு வரி. எங்கள் ஆட்கள் அதை வாசித்துவிட்டு, 'பாத்தியளே, எங்கட சொல்லை மதிக்கேல்லை' என்று இன்னும் கொதிப்பார்கள்.

உண்மையில் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கிற உரிமை வேறு. கொள்கையை எழுதும்போது பள்ளி பெற்றோரைக் கலந்தாலோசிக்க வேண்டும். பாடப் பொருட்களைக் காட்டவேண்டும். சில பள்ளிகள் வெளியாரைக் கூப்பிட்டு வகுப்பு எடுப்பித்துவிட்டு, பெற்றோர் கேட்டால் 'பதிப்புரிமை' என்று கையை விரித்த கதைகள் இருந்தன. 2023 ஒக்ரோபரில் அப்போதைய கல்வி அமைச்சர் ஜிலியன் கீகன், அதைச் சாட்டாகச் சொல்லிப் பெற்றோருக்கு மறைக்கக்கூடாது என்று பள்ளிகளுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. 2025 ஜூலையில் வந்த புதிய அரச வழிகாட்டலிலும் அது இருக்கிறது. 2026 செப்டெம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வருகிறது. இப்போது பள்ளிகள் கொள்கையைப் புதுப்பிப்பதே அதனால்தான். அதாவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். நாங்கள் மதிலுக்கு வெளியே நின்று கல் பொறுக்குகிறோம்.

செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்குப் போனேன். நூலகத்தில், ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கிற கதிரையில், முழங்கால் நாடியில் முட்ட இருந்தேன். வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். ஒரு போலந்துக்காரத் தாய், ஒரு சோமாலியத் தகப்பன், பெற்றோர் சங்கத்துப் பெண் ஒருவர், நான். குழுவில் கொதித்த நாற்பது பேரில் வேறு ஒருவரும் இல்லை.

என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நாலாம் ஆண்டுக்கு ஆறு பாடம். நண்பன் கோபித்தால் என்ன செய்வது, இணையத்தில் தெரியாத ஆள் படம் கேட்டால் யாரிடம் சொல்வது, உடம்பில் எந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. (இந்தக் கடைசிப் பாடத்தை எங்கள் ஊரில் எங்களுக்கு யாராவது படிப்பித்திருந்தால் என்று அந்தக் கதிரையில் இருந்து நினைத்தேன். அதை இதற்குமேல் இங்கே எழுதப்போவதில்லை.) ஒரு பாடம் குடும்பங்களைப் பற்றியது. அதில் ஒரு படம்: பாட்டியோடு வளரும் பிள்ளை, அப்பா மட்டும் உள்ள பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை, இரண்டு அம்மா உள்ள பிள்ளை. அந்தக் குடும்பம் மேசையில் இருந்து பாண் சாப்பிடுகிறது. வேறு ஒன்றும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து சின்னவளிடம் மெல்லக் கதை கொடுத்தேன். அவளுக்கு எல்லாம் முதலே தெரியும். அவள் வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்கு இரண்டு அம்மாவாம். இரண்டாம் ஆண்டில் இருந்து இரண்டு பேரும் மாறி மாறி வந்து கூட்டிக்கொண்டு போகிறார்களாம். ஒருவரை நான் நெடுக அந்தப் பிள்ளையின் பெரியம்மா என்று நினைத்துச் சிரித்துக் கதைத்திருக்கிறேன்! 'தமிழில அதுக்கு என்னம்மா?' என்றாள். நான் முழிக்க, அவளே விடை சொன்னாள்: 'எங்களிட்டத்தான் நிறைய அம்மா இருக்கே. அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, சின்னம்மா. அப்ப ஒராள் அம்மா, மற்றாள் சின்னம்மா.'

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கத்தியை வைத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: 'ரெண்டு பேரும் அம்மா எண்டா, அந்தப் பிள்ளைக்கு ஆர் ஏசுறது?'

பிரச்சினை இவ்வளவு சின்னது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீடியோ பர்மிங்ஹாமில் எடுத்தது என்றேனே, அதற்கு வருகிறேன். 2019இல் அங்கே பார்க்ஃபீல்ட் ஆரம்பப் பள்ளியில், அன்ட்ரூ மொஃபட் என்ற உதவித் தலைமை ஆசிரியர் உருவாக்கிய 'வெளியாள் என்று யாருமில்லை' என்ற, ஒரே பாலினப் பெற்றோர் உள்ள குடும்பங்களையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பெற்றோர் வாசலில் கூடினார்கள். மாணவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் பிள்ளைகள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரு நாள் வீட்டில் மறித்தார்கள். பிறகு ஸ்பார்க்ஹில்லில் அண்டர்டன் பார்க் பள்ளியின் வாசலுக்கும் அது பரவியது. ஒலிபெருக்கி, பதாகை, 'என் பிள்ளை என் தெரிவு' என்ற கோஷம். வகுப்புக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அது கேட்டது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பள்ளி வாசலில் ஆர்ப்பாட்டம் செய்வதை நிரந்தரமாகத் தடைசெய்தது. பள்ளியில் படிப்பிக்கிறார்கள் என்று வெளியே சொல்லப்பட்டதற்கும் உண்மையில் படிப்பித்ததற்கும் பெரிய இடைவெளி இருந்ததை நீதிபதி தீர்ப்பில் குறிப்பிட்டார். எங்கள் குழுவுக்கு வந்த வீடியோவில் இந்தப் பின்பகுதி இல்லை. ஒலிபெருக்கி மட்டும் இருந்தது.

ஆனால் பார்க்ஃபீல்டில் நடந்த இன்னொன்றை யாரும் அனுப்புவதில்லை. பள்ளி திட்டத்தை நிறுத்திவைத்து, பெற்றோரோடு மாதக்கணக்கில் இருந்து கதைத்து, செப்டெம்பரில் மாற்றிய வடிவத்தில் திரும்பத் தொடங்கியது. இரண்டு பக்கமும் முழுதாகச் சந்தோஷப்படவில்லை. அதுதான் நல்ல அடையாளம் என்று எனக்குப் படுகிறது.

இந்த நாட்டுக்கு 83க்குப் பிறகு வந்த எங்கள் மூத்த ஆட்கள் சிலர், 'நாங்கள் வந்த காலத்தில இதெல்லாம் இல்லை' என்கிறார்கள். இருந்தது. கதைக்கத்தான் தடை இருந்தது. 1988இல் தட்சர் அரசு கொண்டுவந்த இருபத்தெட்டாம் பிரிவு, உள்ளூராட்சி சபைகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக்கூடாது, பள்ளிகளில் அதை ஏற்கத்தக்க 'பாசாங்குக் குடும்ப உறவாக'ப் படிப்பிப்பதையும் ஊக்குவிக்கக்கூடாது என்றது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: பாசாங்குக் குடும்பம். என் மகளோடு படிக்கிற அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சட்டம் வைத்த பெயர் அது. அந்தப் பிரிவின் கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை, ஆனால் ஆசிரியர்கள் பயந்தார்கள். ஒரு பெடியனைத் தன்பாலீர்ப்பாளன் என்று பழித்து மற்றவர்கள் அடித்தாலும், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தயங்கினார்கள். ஸ்கொட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்தில் 2003இலும்தான் நீக்கினார்கள். அந்தப் பதினைந்து வருடத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில்தான் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளில் அப்படி ஒருவரும் இல்லை என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

'எங்கட கலாசாரம்' என்று எழுதியவர்களுக்கும் ஒன்று. இலங்கையில் இதைக் குற்றமாக்கிய 365ஆம் பிரிவு 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் வந்தது. அதோடு சேர்ந்த 365A பிரிவை 1995இல் நாங்களாகத் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டோம். எழுதினவன் தன் நாட்டில் 1967இலேயே தளர்த்தத் தொடங்கிவிட்டான்.

சரி, அப்படியென்றால் பெற்றோருக்குக் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இந்த இடத்தில்தான் முற்போக்கு நண்பர்கள் என்னோடு கோபிக்கப்போகிறார்கள்.

இரண்டு அம்மா இருக்கிற குடும்பம் உண்டு என்று சொல்வது ஒரு கதை. எட்டு வயதுப் பிள்ளையிடம், உனக்குள் உடம்புக்கு வேறான ஒரு பாலின அடையாளம் இருக்கிறது, அதைக் கண்டுபிடி என்று சொல்வது வேறு கதை. முதலாவது அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் தெரிகிற உண்மை. இரண்டாவதைப் பற்றிப் பெரியவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, பருவமடைதலை நிறுத்திவைக்கும் மருந்துகளுக்கான ஆதாரம் பலவீனமானது என்றது. சின்னப் பிள்ளையின் பெயரையும் உடையையும் மாற்றுவதுகூட விளைவில்லாத காரியம் அல்ல, கவனம் தேவை என்றது. புதிய வழிகாட்டலும் எல்லோருக்கும் பாலின அடையாளம் ஒன்று உண்டு என்பதை நிலைநாட்டப்பட்ட உண்மைபோலப் படிப்பிக்க வேண்டாம் என்கிறது. ஆக இதைக் கேட்கிற பெற்றோர் வெறுப்பாளர் இல்லை.

அன்றைக்கு நூலகத்தில் நான் இதைத்தான் கேட்டேன். ஐந்தாம் ஆண்டுக் கோப்பில் இருந்த ஒரு படத்தைக் காட்டி, 'இதை உண்மை என்று படிப்பிக்கிறீர்களா, கருத்து என்று படிப்பிக்கிறீர்களா?' என்றேன். பொறுப்பான ரீச்சரின் முகம் இறுகிவிட்டது. 'எல்லாப் பிள்ளைகளையும் அரவணைக்கிற பள்ளி இது' என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. புடவையோ சல்வாரோ தெரிந்தவுடன், இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிடுகிற ஒரு பார்வை இருக்கிறது. அது எனக்குப் பழக்கம். வேலையிடத்திலும் பார்த்திருக்கிறேன். சோமாலியத் தகப்பன் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். பள்ளிகள் இப்படிக் கேள்விக்கு முகத்தைச் சுருக்கினால் அந்தக் கேள்வி வட்ஸ்அப்புக்குப் போகும். அங்கே அதற்குப் பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. (பிறகு அந்த ரீச்சர் மின்னஞ்சல் போட்டார். அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்று தேடுவதாக. முகம் இறுகினாலும் கேட்டிருக்கிறார்.)

இன்னொரு கதையும் அந்தக் கதிரையில் ஞாபகம் வந்தது. போன வருடம் பிள்ளைகளை இந்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பவில்லை; சமயக் கல்வியில் இருந்து விலக்க இங்கே உரிமை உண்டு. அன்றைக்கு எங்கள் குழு எப்படிக் கொதித்தது! 'கோயிலைப் பாத்தாப் பிள்ளை மதம் மாறிடுமோ?' என்று ஒருவர் எழுதினார். நாற்பது கைதட்டல். அதே ஆள்தான் இந்தக் கிழமை ஆயத்தக் கடிதம் போட்டவர். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்று ஒன்பது விடயங்கள் இருக்கின்றன. இனம், மதம், பாலீர்ப்பு எல்லாம் ஒரே பட்டியல். சின்னவள் வெள்ளிக்கிழமை திருநீறும் பொட்டுமாகப் போகிறாளே, யாரும் அழிக்கச் சொல்வதில்லை. அதற்கும் அதே பட்டியல்தான்.

எனக்கு உண்மையில் உறுத்துவது பள்ளிக்கூடம் இல்லை. பெரியவனுக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விட்டு வரும்போது காரின் பின் சீற்றில் நண்பனோடு விளையாட்டாக ஒரு சொல் சொன்னான். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், எழுத மாட்டேன். இந்த விடயத்துக்கு அவனுக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல் தெரியும், எல்லாம் மரியாதையான சொல். தமிழில் தெரிந்தது அது ஒன்றுதான். என் மனிசர், பெடியன் இன்னும் தமிழ் பேசுகிறான் என்று பெருமைப்படுகிறவர். அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டே ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல எங்களிடமும் வேறு சொல் இருக்கவில்லை. 'தன்பாலீர்ப்பு' என்பதை நானே இந்தப் பதிவு எழுதத் தொடங்கியபோதுதான் சரியான எழுத்தில் எழுதிப் பார்க்கிறேன்.

புதன்கிழமை இரவு நான் பார்த்ததைக் குழுவில் எழுதினேன். ஆறு பாடமும் என்னென்ன, எந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை, எதை விலக்கலாம், எதை விலக்க முடியாது, கருத்துப் படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆயத்தக் கடிதத்துக்குப் போட்ட கட்டைவிரலை எடுத்துவிட்டேன் என்பதையும் எழுதினேன். நீல நிறச் சரி ஒவ்வொன்றாக ஏறியது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. கால் மணிநேரம் கழித்து ஒருவர், பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகளின் நடன ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதற்கு உடனே ஏழு பதில்.

பிறகு தனியாக மூன்று பேர் அனுப்பினார்கள். மூன்றும் தாய்மார். ஒருவர் எழுதியது: 'அக்கா, அந்தக் கதிரையில இருந்து பாக்க நாங்களும் வரலாமோ? இவருக்குச் சொல்லாதேங்கோ.'