தான்சா காட்டில் இன்னொரு அணை

எங்கள் வீட்டில் அலாரம் வைத்ததே இல்லை. தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் விடிகாலை நாலரைக்குக் குழாய் இருமும். முதலில் காற்று, அப்புறம் பழுப்பாக ஒரு கை தண்ணீர், அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணி. அந்த இருமலுக்கே அம்மா எழுந்துவிடுவாள். இரண்டு மணி நேரத்துக்குள் நீல டிரம், ஹண்டா, குடம், கடைசியில் டீ போடுகிற பாத்திரம் வரைக்கும் நிரம்பியாக வேண்டும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் எங்கள் குழாய் நூலாகிவிடும். அன்றைக்குத் திருநெல்வேலித் தமிழின் முழு வளமும் சந்தில் கேட்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "காடு, பறவைன்னு பேசுறவனுக்குத் தண்ணிக் கஷ்டம் தெரியுமா"ன்னு கீழே யாராவது கேட்பீர்கள். தெரியும்.

பேச வந்தது கார்காய் அணையைப் பற்றி. பால்கர் மாவட்டம் வாடா தாலுகாவில், ஓகடா என்கிற ஊர்ப் பக்கம், வைதர்ணாவின் துணையாறான கார்காய் மேல் மும்பை மாநகராட்சி கட்ட நினைக்கிற அணை. அங்கிருந்து மலைக்குள் சுரங்கம் குடைந்து மோடக் சாகர் ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, பழைய குழாய்த்தடத்தில் சேர்த்துவிடுவார்கள். நாளுக்கு 44 கோடி லிட்டர். இன்றைக்கு மும்பைக்கு வருவது ஏறத்தாழ 400 கோடி லிட்டர். யோசனை புதிதல்ல; 1994-லேயே மும்பையின் தண்ணீர்த் தேவையைப் பார்த்த சிதளே குழு நடு வைதர்ணா, கார்காய், பிஞ்சால் என்று மூன்று அணைகளைச் சொன்னது. முதலாவது 2014-ல் வந்தது. கார்காயை உத்தவ் தாக்கரே ஆட்சியில் ஓரமாக வைத்துவிட்டு, மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கலாம் என்றார்கள். இப்போது இரண்டுமே வேண்டும் என்கிறார்கள்.

ஏன் வேண்டும் என்பதும் புரிகிறது. 2024 ஜூனில் ஏரிகள் அடிமட்டத்துக்குப் போய் 10 சதவீதம் வெட்டு வந்தது. பத்து சதவீதம் என்பது மாடிவீட்டுக்காரருக்குச் செய்தி. எங்களுக்கு அது குழாயின் கடைசி இருபது நிமிடம். கடைசியில் நிற்கிற டிரம்தான் காலியாக இருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: "அணை வந்தா இயற்கைக்கும் நல்லதுதானே தம்பி. ஏரி வரும், பறவை வரும், மீன் வரும். விஹாரைப் பாரு." அண்ணன் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

விஹார் ஏரி 1860-ல் வந்தது. துளசி ஏரி 1879-ல். இரண்டுக்கும் நீர் வடிந்து வருகிற காட்டை யாரும் தொடக்கூடாது என்று பிரிட்டிஷ்காரன் காபந்து பண்ணினான். சிறுத்தை மேல் பாசம் வந்தல்ல, குடிதண்ணீர் கெட்டுவிடும் என்ற பயத்தில். அந்தப் பயத்தால் மிஞ்சிய காடுதான் இன்றைய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் நெஞ்சுப்பகுதி. ஒன்றரைக் கோடி ஜனம் நெருக்குகிற ஊரின் நடுவே சிறுத்தை குட்டி போடுகிறதென்றால் அந்த இரண்டு ஏரிகளுக்கும் அதில் பங்குண்டு. விஹார் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் மீட்டி ஆறாகி, எங்கள் தாராவி ஓரமாகத்தான் மாஹிம் கழிமுகத்துக்குப் போகிறது. வந்து சேரும்போது அது என்ன நிறத்தில் இருக்கும் என்பதை விடுங்கள்.

ஆனால் கார்காயில் நடக்கப்போவது தலைகீழ். அங்கே காடு ஏற்கெனவே இருக்கிறது, தான்சா சரணாலயம் என்ற பெயரோடு. அணை கட்டினால் அந்தக் காட்டின் ஒரு துண்டு தண்ணீருக்கடியில் போகும், லட்சக்கணக்கான மரங்களோடு. பறவை வரும் என்கிறீர்களே, எந்தப் பறவை? கொக்கும் நீர்க்காகமும் வரும், மறுக்கவில்லை. தான்சாவில் 2014-ல் ஒரு சின்ன ஆந்தையைக் கண்டுபிடித்தார்கள். அழிந்தே போய்விட்டது என்று நூறு வருஷத்துக்கு மேல் நினைத்திருந்து, 1997-ல்தான் இந்த மகாராஷ்டிரத்திலேயே மறுபடி கண்ணில் பட்ட இனம் அது. வறண்ட தேக்குக் காடுதான் அதற்கு வீடு. ஏரிக்கரையில் பெஞ்சு போட்டு வைத்தால் வந்து உட்காராது.

மனுஷர்களையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முன்பு ஒரு மே மாதம், கூட வேலை பார்த்த பையனின் கல்யாணத்துக்கு ஷஹாபூர் தாலுகாவில் ஒரு பாடாவுக்கு, அதாவது ஆதிவாசிகளின் சிற்றூருக்கு, போயிருந்தேன். பாட்சா, தான்சா ஏரிகள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரம்தான். நாம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. மதியம் ஒரு டேங்கர் வந்தது. நான் டிரம்மில் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். டிரைவர் ஹோஸை எடுத்து வறண்ட ஊர்க் கிணற்றுக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார். பெண்கள் கயிறு போட்டு, செம்மண் கலங்கிய அந்தத் தண்ணீரை இறைத்தார்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை தலையில் இரண்டு ஹண்டாவோடு ஏறி வந்தார். எங்கள் சந்தில்கூட இப்படிப் பார்த்ததில்லை. வருஷாவருஷம் அந்தத் தாலுகாவில் இதுதான் கோடைகாலம்.

அடுத்தது கசிவுக் கணக்கு. மும்பைக்கு வருகிற தண்ணீரில் கால்வாசிக்குக் குறையாமல் கசிவிலும் திருட்டிலும் போகிறது. கால்வாசி என்றாலே 100 கோடி லிட்டர், அதாவது கார்காய் மாதிரி இரண்டு அணை. "அப்ப அதை அடைச்சா போதுமே" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்தத் 'திருட்டில்' எங்கள் தெரு குடித்ததும் உண்டு. கனெக்‌ஷன் கேட்டால் காகிதம் கேட்பார்கள், காகிதம் இல்லாதவன் குழாயில் ஓட்டை போடுவான். 2014-ல் மும்பை உயர்நீதிமன்றம் குடிசை சட்டவிரோதமானதானாலும் குடிதண்ணீர் உரிமை உண்டு என்று சொன்ன பிறகும், குடிசைக்கு ஆளுக்கு 45 லிட்டர், கட்டடத்துக்கு 135 என்பதுதான் திட்டக் கணக்கு. ஆனால் பூமிக்கடியில் பிரிட்டிஷ் காலத்துக் குழாய் வெடித்து ஓடுகிறதே, அதற்குக் காகிதம் தேவையில்லை. முதலில் அதை அடைக்கட்டும்.

அம்மா பிறந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். அங்கே கூந்தன்குளம் இருக்கிறது. மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர்தான் அந்தக் குளத்தை நிறைக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். தீபாவளிக்கு ஊரில் வெடி கிடையாது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகும். அணையால் இயற்கைக்கு நல்லது நடந்தது என்றால் எனக்குத் தெரிந்த உதாரணம் இதுதான். அங்கே தண்ணீர் முதலில் பக்கத்து ஊருக்குப் போனது. ஊருக்குப் பலன் இருந்தது, அதனால் ஊர் காவல் இருந்தது. தான்சாவைச் சுற்றியுள்ள வார்லி, காத்கரி ஆதிவாசி ஜனங்களுக்கு, மும்பைக்குத் தண்ணீர் தருகிற நம் ஏழு ஏரிகளால் அப்படி என்ன பலன்?

என் நிலைப்பாடு இதுதான். அணையே கூடாது என்று சொல்ல என் வாய் வரவில்லை, அம்மாவின் டிரம் தடுக்கிறது. ஆனால் கல் நடுவதற்கு முன்னால் வாடா, ஷஹாபூர் பாடாக்களுக்குக் குழாய் போகட்டும், மும்பைக்கு முன்னால். மூழ்கும் ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பது மாற்று வீடு மட்டுமாக இல்லாமல், மிஞ்சுகிற காட்டைக் காக்கிற வேலையும் அதன் சம்பளமும் அவர்களுக்கே போகட்டும். நட்டுவிட்டோம் என்று வேறெங்கோ நட்ட கன்றுகளின் கணக்கைக் காட்ட வேண்டாம். தேக்கு அந்தத் தேக்காக வளர அறுபது வருஷம்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "எய்யா, அங்க உள்ளவளும் நாலரைக்குத்தான் எந்திரிப்பாளா?" என்று கேட்டாள். தெரியவில்லை, டேங்கர் எப்போது வருமோ அப்போது என்றேன்.

வாடா, மோகாடா பக்கம் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். ஓகடாவில் மக்களிடம் கூட்டம் போட்டுக் கேட்டார்களா, என்ன பதில் வந்தது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். மராத்தியில் இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துக்கொள்வேன்.