சாவி யாரிடம் இருக்கிறது?

என் பெரியம்மா இரண்டு வருடம் திருகோணமலையில் ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் இருந்தார். வாடகை வீடு, பதினான்கு பேர். இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. காலையில் போனால் பெரியம்மாவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, விறாந்தையில் உட்கார வைத்திருப்பார்கள்.

ஒரு மார்கழி இரவு, பெரியம்மாவுக்குச் சீனி இறங்கிவிட்டது என்று போன் வந்தது. உவர்மலையிலிருந்து கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் ஓடினேன். போய்ச் சேர்ந்தும் கிறில் கதவுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். கதவில் ஆமைப்பூட்டு, சாவி பொறுப்பாளரின் வீட்டில். கரண்டும் இல்லை. உள்ளே இரவு வேலைக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. போன் வெளிச்சத்தில் அழுதுகொண்டு, "தம்பி, இந்தா வாறார், இந்தா வாறார்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவர் சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கியபடியால் பெரியம்மா அன்று தப்பினார். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு ஓடியது ஒரே யோசனைதான்: இது நெருப்பாக இருந்திருந்தால்?

அதற்கு மூன்று கிழமைக்கு முன்புதான் அதிகாரிகள் வந்து இல்லத்தைப் பரிசோதித்திருந்தார்கள். அந்த இரவுக்கு அடுத்த நாள், அவர்கள் எழுதிய கொப்பியை இல்லத்தில் எனக்குக் காட்டினார்கள். சமையலறை சுத்தம், மலசலகூடம் திருப்தி, கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். எழுதியிருந்ததில் பொய் இல்லை. வந்தவர்கள் பகல் பதினொரு மணிக்கு, சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த நேரத்தில் கதவு திறந்துதான் இருக்கும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து முதியவர்களுக்கு மேல் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு செய்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழ் ராத்திரி எழும்பி வந்து கதவைத் திறக்காது. என்னைக் கேட்டால், பரிசோதனை சொல்லாமல் வர வேண்டும், வருடத்தில் ஒரு தடவையாவது இரவில் வர வேண்டும். வந்து, எழும்ப முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தூக்க எத்தனை கைகள் என்று எண்ண வேண்டும். சாவி யாரிடம் என்று கேட்டு, பூட்டைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

பூட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஞாபக மறதி வந்த ஐயா ஒருவர் இரண்டு தடவை கடற்கரை வரை போய்விட்டார். சரி, பூட்டத்தான் வேண்டும். அப்படியானால் சாவி இரவு வேலை செய்பவரின் இடுப்பில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் குருநாகல் மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 11 பேர் இறந்ததாகப் பொலிஸார் சொன்னார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊரின் தாழ்ந்த ஒழுங்கைகள்தான் கண்முன் வந்தன. வாடைக்காற்று மழைக்கு அங்கே முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். படுக்கையில் கிடப்பவரை யார், எந்த வாகனத்தில், எங்கே கொண்டுபோவது? எழுதி வைத்திருக்கிற இல்லம் எது?

முறைப்பாடு செய்யலாமே என்று கேட்பீர்கள். நானே செய்யவில்லை, பயந்தேன். இல்லத்தை மூடிவிட்டால் பெரியம்மாவை எங்கே கொண்டுபோவது? பிள்ளைகள் கனடாவில், என் வீட்டில் இரண்டு அறை. அங்கே இருந்த பதினான்கு குடும்பத்துக்கும் இதே பயம்தான். அதனால்தான் அதிகாரிகளுக்குச் சொல்கிறேன்: மூடுவதற்காக வராதீர்கள். பிழையை எழுதுங்கள், திருத்த இரண்டு கிழமை கொடுங்கள், சொன்ன திகதியில் திரும்பி வாருங்கள். அந்த இரண்டாவது வருகைதான் முக்கியம். எழுதியதை அங்கே இருப்பவர்களின் உறவினருக்கும் காட்டுங்கள்.

பெரியம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அவர் படுத்திருந்த கட்டிலில் இப்போது வேறொரு அம்மா. இன்னும் சில கிழமையில் மழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் யாராவது அந்தக் கிறில் கதவைத் தட்டிப் பாருங்கள்.