விமானம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்த அம்மா, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கிணற்றுக்கட்டின் ஓரத்தில் குப்புறக் கிடந்தார். இரண்டு காதுகளிலும் விரல். வாய் திறந்தபடி. நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கைகளை ஊன்றியிருந்தார். எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலியால் கதிரையில் இருந்து எழும்பவே என் கையைப் பிடிப்பவர்.

குண்டு விழும்போது காதுச்சவ்வு கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைக்க வேண்டும், நெஞ்சை நிலத்தோடு அழுத்தக் கூடாது என்று அந்தக் காலத்தில் எங்களுக்கு யார் யாரோ சொல்லித் தந்தார்கள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அம்மாவுக்கு மறக்கவில்லை.

அதே முற்றத்தில், அதே நேரத்தில், அக்காவின் மகன் கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு துள்ளினான். “மாமா, ஜெட்! அங்கே பாருங்கள், ஜெட்!” அவனுக்கு ஒன்பது வயது. கொட்டியாரக் குடாவுக்கு மேலாக வந்த விமானம் எங்கள் தென்னைகளின் தலைக்கு மேலே சரிந்து திரும்பிக் கடலுக்குப் போய்விட்டது. எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி இருக்கும். ஏதோ ஒரு கொண்டாட்டத்துக்கான ஒத்திகையாக இருக்க வேண்டும். எந்தத் தளத்தில் இருந்து வந்தது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. பிள்ளை திரும்பி அம்மம்மாவைப் பார்த்தான். விரித்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவர் வழுக்கி விழுந்துவிட்டதாக நினைத்து ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். சுளகு கவிழ்ந்து கிடந்தது. ஈர மண்ணில் கொட்டிய அரிசிக்குக் கோழிகள் வந்துவிட்டன.

இது நடந்தது இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள சம்பூரில். சம்பூரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே, சம்பூர் அடங்கிய மூதூர் கிழக்கின் மீது விமானப்படையின் வான் தாக்குதல் தொடங்கியது. செப்டம்பருக்குள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்திருந்தது. வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கடைசியில் கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் அம்மா தன் கிணற்றை மறுபடியும் கண்டார். வீடு இல்லை, கிணறு இருந்தது. அந்தக் கிணற்றுக்கட்டின் ஓரத்தில்தான் அன்று அவர் படுத்தார்.

பல வாரங்களுக்குப் பிறகு, விமானத் தளம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒருநாள், பிள்ளையை நான் அழைத்துப் போனேன். போகலாமா வேண்டாமா என்று இரண்டு இரவு யோசித்தேன். அக்கா ஒரே வார்த்தையில் முடித்தார்: “அவன் ஆசை அவனுடையது, கூட்டிக்கொண்டு போ.”

பயிற்சி விமானமான பீடி-6இன் மூக்குப் பகுதியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்பது சிலிண்டர்கள் நட்சத்திரம் போல வட்டமாக அடுக்கியிருந்தன. பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். எண்ணெய் வாசனை. வெயிலில் சுடுகிற தகடு. இளம் விமானப்படை வீரர் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழில், “தம்பி, இங்கே கால் வை, இங்கே வைக்காதே” என்று சொல்லி அவனை இறக்கையில் ஏற்றி விமானி இருக்கையில் அமர வைத்தார். தலைக்கவசம் அவனுக்கு மூக்கு வரை இறங்கியது. பிறகு வான் சாகசம். நான்கு விமானங்கள் இறக்கையோடு இறக்கை ஒட்டினாற்போல் மேலேறி, உச்சியில் தலைகீழாகி, ஒரே கோட்டில் கீழிறங்கின. சூடான புகைபோக்கிக்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் அது வெண்புகையாகும். அந்தப் புகை வானத்தில் எழுதிய வளைவு கலையச் சில நிமிடங்கள் ஆயின. ஹெலிகொப்டரில் இருந்து கயிற்றில் ஒருவர் இறங்கி, கீழே கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனார். வெள்ளத்தில் கூரைமேல் இருந்தவர்களை இப்படித் தூக்கியதை நாங்கள் அறிவோம். அழகாக இருந்தது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே எடுத்த படங்களைப் பகிர்ந்தபோது இரண்டு பக்கத்தில் இருந்தும் எனக்குத் திட்டு விழுந்தது. “குண்டு போட்டவர்களின் வேடிக்கையைப் பார்க்கப் போனாயா?” என்றார்கள் சிலர். கிணற்றடிக் கதையை எழுதியபோது, “போர் முடிந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டது, இன்னுமா பயம்?” என்றார்கள் வேறு சிலர். இரு தரப்பிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. திருகோணமலைக்காரர்கள் விமானச் சத்தத்துக்கே பயப்படுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். விமானப்படைத் தளம் இருக்கும் சீனக்குடாவில் பயிற்சி விமானங்கள் பறப்பது எங்களுக்கு அன்றாடம். வெளியில் உலர்த்திய நெல்லைக் காகத்திடம் இருந்து காப்பதிலேயே கவனமாக இருப்பார்கள், தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்க மாட்டார்கள். காரணம் எளிமையானது. இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் எழும் ஒலி நம்மை அடைய ஆறு விநாடி ஆகும். மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பயிற்சி விமானம் அதே தூரத்தைக் கடக்க ஏறத்தாழ அரை நிமிடம் எடுக்கும். அது வருவது முன்பே தெரிந்துவிடும். மணிக்கு 900 கிலோமீற்றரில் தாழப் பறக்கும் ஜெட்டுக்கு எட்டே விநாடி போதும். கேட்டதற்கும் தலைக்கு மேல் வந்ததற்கும் இடையில் இரண்டு விநாடிதான். அந்த இரண்டு விநாடிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தலைமுறை பழகிவிட்டது. அதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

எங்கள் பேச்சில் வானத்துக்கென்றே ஓர் அகராதி இருந்தது. பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிவிட்ட சரக்கு விமானம் ‘சகடை’. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆளில்லா விமானம் ‘வண்டு’. 1996இல் இஸ்ரேலில் இருந்து வந்தது ‘கிபிர்’. எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருளாம். அதன் பிறகு எந்த ஜெட் பறந்தாலும் எங்கள் ஆட்களுக்குக் கிபிர்தான். அது உயர ஏறித் தலைகீழாகப் பாய்வதை ‘குத்துகிறது’ என்பார்கள். வான் சாகசத்தில் கைதட்டல் வாங்குகிற அதே பாய்ச்சல். மருமகனுக்கு இந்த அகராதியில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாமலே வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இந்த வானத்தின் கதை 2006இல் தொடங்கியதும் அல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவில் இருந்து பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிச் சண்டையிட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. மிஞ்சிய 99 தாங்கிகளைப் பற்றித்தான் இன்றுவரை ஒப்பந்தங்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. என் தாத்தா அன்று சீனக்குடாவில் கூலி வேலையில் இருந்தவர். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்த கதையைச் சாகும்வரை சொன்னார். 1944 ஆகஸ்டில் அதே ஓடுபாதையில் இருந்து அமெரிக்கர்களின் ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பி, சுமாத்திராவின் பலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கப் போயின. பலம்பாங்கிலும் யாரோ ஒரு தாய் சுளகோடு முற்றத்தில் இருந்திருப்பார். 2008 ஆகஸ்டில் புலிகளின் சிறு விமானம் துறைமுகக் கடற்படைத் தளத்தின் மீது குண்டு போட்ட இரவும் எங்களுக்கு மறக்கவில்லை. அன்று வானம் முழுவதும் சிவப்புப் புள்ளிகளாகச் சீறியது.

விமானிகள் மீது எனக்குப் பகை இல்லை. 2020 டிசம்பரில் கந்தளாயில் பயிற்சி விமானம் விழுந்து ஓர் இளம் விமானி இறந்தார். 2023 ஆகஸ்டில் சீனக்குடாவிலேயே இன்னொன்று விழுந்து இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு அம்மாதான் முதலில், “யார் பெற்ற பிள்ளைகளோ” என்றார்.

என் கேள்வி வேறு. வான் சாகசம் நடத்துகிறவர்கள், வேலிக்கு உள்ளே டிக்கெட்டோடு நிற்பவர்களை மட்டும்தான் பார்வையாளர்கள் என்று கணக்கு வைக்கிறார்கள். வானத்துக்கு வேலி இல்லை. 1988இல் ஜேர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய சாகச விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்து, 70 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கூட்டத்துக்கும் பறக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம் பற்றிய விதிகள் இறுகின. ஆனால் 2015இல் இங்கிலாந்தின் ஷோர்ஹாமில் பழைய ஹண்டர் ஜெட் ஒன்று வளையத்தை முடிக்க முடியாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த 11 பேரும் வேலிக்கு வெளியே, சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். அவர்களில் சிலர் வேறு வேலையாகக் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். 2024 ஒக்டோபரில் சென்னை மெரினாவில் விமானம் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் உச்சி வெயிலிலும் நெரிசலிலும் சிக்கியவர்களில் ஐவர் இறந்தார்கள். காலை 11 மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சி அது. எங்கள் ஊர் வெயில் மெரினாவுக்குக் குறைந்தது அல்ல. காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், தண்ணீரும் நிழலும் வைக்கலாம்.

அதைவிட முக்கியமானது அறிவிப்பு. நிகழ்ச்சி நாளை எல்லோரும் அறிவிப்பார்கள், சுவரொட்டியும் ஒட்டுவார்கள். பயம் வருவது ஒத்திகை நாட்களில். ஒத்திகைக்குச் சுவரொட்டி கிடையாது, கூட்டம் கிடையாது, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்ல ஆளும் கிடையாது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, அரிசி கொழிக்கிற நேரத்தில் அது வருகிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாகப் பறக்கும் என்று மூன்று வரி. அதைத் தமிழில் எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தால் போதும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி இருக்கிறது, மூதூர் முதல் நிலாவெளி வரை ஒரே மாலையில் சேதி போய்விடும். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழிதான், இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. தாழப் பறக்கும் வேகப் பாய்ச்சல்களைக் கூரைகளுக்கு மேல் வைக்காமல் கடலுக்கு மேல் வைக்கலாம். கடலுக்கு இங்கே என்ன பஞ்சம்? சாகசத்தை விவரிக்கிற குரல்களில் ஒன்று நல்ல தமிழ்க் குரலாக இருக்கட்டும். 1942ஐப் பற்றி ஒரு பலகை வைத்தால், அதன் பக்கத்தில் 2006க்கும் ஓர் இடம் விடட்டும். பிள்ளைகள் இரண்டையும் வாசிக்கட்டும். அதை வாசித்துவிட்டு விமானியாக ஆசைப்படுகிற பிள்ளை நல்ல விமானியாக வருவான் என்று நம்புகிறேன்.

முன்கூட்டிச் சொன்னால் என்ன மாறிவிடும் என்று கேட்டவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். அடுத்த முறை, நகரத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் காலை ஒன்பதரைக்கு ஜெட் ஒன்று பறக்கும் என்று எனக்குச் சொன்னார். முதல்நாள் இரவே அம்மாவிடம் சொன்னேன். காலையில் மறுபடியும் சொன்னேன். ஒன்பது மணிக்கே அம்மா விறாந்தையில் வந்து அமர்ந்தார். சுளகை எடுக்கவில்லை. பிள்ளை அவருடைய மடியில் சாய்ந்துகொண்டு, “அம்மம்மா, இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் மூன்று நிமிடம்” என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

வந்தது. அம்மாவின் கை தூணைப் பிடித்தது. விரல் நகங்கள் வெளுத்தன. ஆனால் அவர் கண்ணை மூடவில்லை. குடாவுக்கு மேலே அது சரிந்து திரும்புவதைக் கடைசிவரை பார்த்தார்.

“இது குத்தவில்லை. சுற்றித்தான் போகிறது” என்றார் பிள்ளையிடம்.

இரண்டாவது சுற்றுக்கு அவர் காத்திருக்கவில்லை. சோறு அடிப்பிடித்துவிடும் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார்.