குதிரையை எதற்குக் கூட்டிவந்தீர்கள்?

மறுபடியும் அதேதான். விடியற்காலை, பனிமூட்டம், லாயத்து வைக்கோல் மேல் ஒரு பிணம், பக்கத்தில் மிரண்டு நிற்கும் ஒரு குதிரை. இங்கிலாந்துக் கொலைத் தொடர்களில் குதிரைப் பந்தயத்தை வைத்து ஒரு பகுதி வருகிறது என்றால் ஆவலோடு உட்காருகிறேன், முடியும்போது வயிறு எரிந்துபோய் எழுந்திருக்கிறேன். நேற்று ராத்திரி பார்த்ததும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரக் கதை. அதை எழுதியவர் பந்தயத்தைப் பற்றி ஒரு அரை மணி நேரமாவது யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

முதலில் கண்ணை உறுத்தியது பந்தயம் தொடங்கும் காட்சி. வேலி தாண்டி ஓடும் பந்தயம் அது. ஆனால் குதிரைகள் வரிசையாக இரும்புக் கூண்டுகளைத் திறந்துகொண்டு பாய்கின்றன. அந்தக் கூண்டுகள் பிரிட்டனுக்கு 1965-ல் வந்தவை, அதுவும் வேலி இல்லாத சமதளப் பந்தயத்துக்கு மட்டும். வேலி தாண்டும் பந்தயத்தில் கூண்டே கிடையாது. குதிரைகள் வட்டமாக நடந்துவந்து, குறுக்கே கட்டிய நாடாவுக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து, நாடா விலகியதும் ஓடும். சனிக்கிழமை மதியம் எந்த ஆங்கில சேனலைத் திருப்பினாலும் தெரியும் விஷயம் இது. அடுத்த ஷாட்டில் நாலு காலிலும் வெள்ளை இருந்த குதிரை, கடைசித் திருப்பத்தில் இரண்டு காலில் மட்டும் வெள்ளையோடு வருகிறது. சரி, ஒரே குதிரையைப் படப்பிடிப்புக்காகத் திரும்பத் திரும்ப விரட்டக் கூடாது, அது பாவம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையே அந்தக் குதிரையின் அடையாளத்தைச் சுற்றித்தானே ஓடுகிறது? பார்க்கிறவர்கள் அதைத் துப்பு என்று நம்பிக் கடைசிவரை மனதில் வைத்திருக்கிறோம். கடைசியில் பார்த்தால் அது துப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் அலட்சியம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம் அந்த ஜாக்கி விஷயத்தில். கொலை செய்தது அவன்தானாம். ஜெயிக்கிறான், குதிரையை விட்டு இறங்குகிறான், குதிரையின் முதலாளியம்மாவைக் கட்டிப்பிடிக்கிறான், அங்கிருந்து நேராகக் கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடி ஒரு ஆளைத் தீர்த்துவிட்டு, பரிசு வாங்கச் சிரித்துக்கொண்டே வந்து நிற்கிறான். எப்படி முடியும்? ஜெயித்த ஜாக்கி முதலில் செய்ய வேண்டிய வேலை, தன் கையாலேயே சேணத்தை அவிழ்த்து, அதைத் தூக்கிக்கொண்டு எடை அறைக்குப் போவது. புறப்படும் முன் எடை பார்த்தது போலவே, சேணத்தோடு மறுபடியும் தராசில் உட்கார வேண்டும். எடை குறைந்தாலும் வெற்றி போச்சு, எடை போடாமல் விட்டாலும் வெற்றி போச்சு. எடை சரி என்று அறிவிப்பு வந்த பிறகுதான் பந்தயப் பணம் பிடிக்கும் புக்மேக்கர் ஜெயித்தவர்களுக்குப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். பணம் கட்டிய கூட்டம் முழுக்க அந்த அறிவிப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, ஜெயித்த ஜாக்கியைக் காணோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். அத்தனை பேரையும் விசாரித்த இன்ஸ்பெக்டருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லையாம்.

எனக்கு ஆற்றாமை எதற்கென்றால், இந்த எடை அறை கொலைக்கதை எழுதுகிறவருக்குக் கிடைத்த வரம். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் அரை மணி நேரம்தான். அதற்குள் எடை போட்டு, சேணத்தைக் குதிரைக்காரர்களிடம் ஒப்படைத்து, குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தில் முதலாளியைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசி, ஏறி, புறப்படும் இடத்துக்குப் போய், ஓடி, திரும்பி வந்து மறுபடியும் எடை. இத்தனையும் ஊர் பார்க்க, கேமரா பார்க்க நடக்கிறது. எடை அறைக்குள் கண்டவர் நுழைய முடியாது. ஜாக்கி அங்கே இஷ்டப்படி போன் பேசவும் முடியாது. ஜாக்கி பந்தயம் கட்டுவதே குற்றம். நிமிஷத்துக்கு நிமிஷம் சாட்சி உள்ள ஒரு மனிதன் எப்படிக் கொலை செய்தான் என்று ஒரு கதை சொன்னால் நான் இமைக்காமல் பார்ப்பேனே! பூட்டிய அறைக் கொலைக்கு நிகரான புதிர் கையிலேயே இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் சுத்தியல்.

அப்புறம் ஒரு குதிரையின் பெயரில் இன்னொன்றை ஓடவிடும் குதிரை மாற்றம். மழை பெய்கிறது, நெற்றியில் பூசிய வெள்ளைச் சாயம் கரைந்து வழிகிறது, இன்ஸ்பெக்டர் கண்ணை விரிக்கிறார். கதை நடப்பதோ இந்தக் காலத்தில். 1999-லிருந்து பிரிட்டனில் பிறக்கும் பந்தயக் குட்டிகளின் கழுத்தில் மைக்ரோசிப் வைக்கிறார்கள். மைதானத்து லாயத்துக்குள் வரும்போதே அதை ஸ்கேன் செய்துவிடுவார்கள். சாயம் பூசி யாரை ஏமாற்றுவது?

மாற்றவே முடியாது என்று சொல்லவில்லை. 2017 ஜூலையில் கிரேட் யார்மத் பந்தய மைதானத்தில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் ஒரு மூன்று வயதுக் குதிரை ஓடி, 50-க்கு 1 விலையில், அதாவது ஒன்று கட்டினால் ஐம்பது லாபம் என்ற கணக்கில், ஜெயித்தது. மோசடி இல்லை, ஒரே பயிற்சியாளரின் இரண்டு குதிரைகள் ஆள் மாறிப் போயின. உள்ளே வரும்போது ஸ்கேன் சரியாகத்தான் இருந்தது. லாயத்திலிருந்து பந்தயத்துக்குப் புறப்படும்போது மாறிவிட்டது. ஓடி முடித்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்தபோதுதான் தெரிந்தது, அதற்குள் பணம் கைமாறிவிட்டது. அந்த இடைவெளியில் ஒரு கொலையை வைத்திருந்தால் எப்படி இருக்கும்!

நிஜத்தில் நடந்தவற்றைக் கொஞ்சம் புரட்டினாலே போதும். 1812-ல் நியூமார்க்கெட் என்ற பந்தய ஊரில் குதிரைகளின் தண்ணீர்த் தொட்டியில் ஆர்சனிக் கலந்ததற்காக டேனியல் டாசன் என்பவனைத் தூக்கில் போட்டார்கள். மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரிய பந்தயம் டெர்பி. 1844 டெர்பியில் மூன்று வயது என்று சொல்லி நாலு வயதுக் குதிரையை ஓடவிட்டு ஜெயித்தார்கள், விவகாரம் வழக்கு மன்றம்வரை போனது. 1974 ஆகஸ்டில் கார்ட்மெல் பந்தய மைதானத்தில் கே ஃப்யூச்சர் என்ற குதிரைக்குச் சோப்புத் தூளைத் தேய்த்து, வேர்த்துப் போய் நிற்பது போலக் காட்டி, யாரும் அதன் மேல் பணம் கட்டாதபடி செய்தார்கள். அது 15 குதிரை நீளத்தில் ஜெயித்தது. ஒரே பந்தயப் பணத்தில் அதோடு சேர்த்துப் பணம் கட்டியிருந்த வேறு இரண்டு குதிரைகள் லாயத்தை விட்டே வரவில்லை என்பது ஒரே ஒரு போன் காலில் வெளிப்பட்டு மொத்தத் திட்டமும் கவிழ்ந்தது. 1981-ல் டெர்பியைப் பத்து நீளத்தில் வென்ற ஷெர்கர் என்ற குதிரையை 1983 பிப்ரவரியில் அயர்லாந்தில் துப்பாக்கி முனையில் கடத்திப் போனவர்கள், இன்றுவரை அதன் எலும்பைக்கூடக் காட்டவில்லை. இவ்வளவு இருக்கும்போது எதற்கு ஒவ்வொரு முறையும் அதே ஊசி, அதே வட்டிக்கடன், அதே கள்ளக்காதல்?

பழைய ஆட்கள் செய்து காட்டியதுதானே. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் 'சில்வர் பிளேஸ்' 1892-ல் வந்தது, ஜெரமி பிரெட் நடித்து 1988-ல் தொலைக்காட்சிக்கும் வந்தது. குதிரைக்குச் சாயம் பூசும் வேலை அதிலேயே இருக்கிறது, சிப் இல்லாத காலம், நம்பலாம். பந்தய விதிகளில் அந்தக் கதையிலும் ஓட்டை உண்டு. அப்போதே ஒரு விளையாட்டுப் பத்திரிகை கிழித்தது, பந்தயம் தனக்குத் தெரியாது என்று கானன் டாயிலும் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் நான் அந்தக் கதைக்குத் தலைவணங்குகிறேன். ஏனென்றால் துப்பு எல்லாம் லாயத்துக்குள்ளேயே கிடக்கிறது. ராத்திரி வந்தவன் தெரிந்த ஆள் என்பதால் குரைக்காத நாயை எல்லாருக்கும் தெரியும். லாயத்துப் பையனின் ராத்திரிச் சாப்பாட்டில் அபின் ருசியை மறைக்கும் மசாலாக் குழம்பு இருந்தது. மேய்ச்சலில் மூன்று ஆடுகள் திடீரென்று நொண்டின. குதிரையின் தசைநாரை யாருக்கும் தெரியாமல் கீற நினைத்தவன் ஆட்டுக்காலில் பழகிப் பார்த்திருக்கிறான். குதிரையை விலக்கிவிட்டால் அந்தக் கதையில் மிச்சம் எதுவும் இல்லை. நேற்று பார்த்த கதையில் குதிரைக்குப் பதில் படகுப் போட்டியை வைத்தாலும் ஒரு வசனம் மாறாது.

லாயத்து ஆட்களை இவர்கள் நடத்தும் விதம் இன்னும் மோசம். கதையில் அவர்களுக்கு ஒரே வேலை, பிணத்தைப் பார்த்து அலறுவது. நிஜத்தில் ஆளுக்கு மூன்று, நாலு குதிரை. இருட்டோடு எழுந்து சாணி அள்ளி, காலைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, நேற்று ராத்திரி வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்று பார்ப்பவர்கள் அவர்கள். வேற்று ஆள் உள்ளே வந்தானா, குதிரை எதற்கு மிரண்டது, எந்தக் கதவின் தாழ்ப்பாள் மாறிக் கிடக்கிறது, எல்லாம் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். நேற்று அந்தப் பெண் எதையோ சொல்ல வாயெடுத்தாள், இன்ஸ்பெக்டர் அவளைத் தாண்டிப் போய்ப் பிரபுவோடு ஷெர்ரி குடித்தார்.

செத்தவர் யார்? பயிற்சியாளர். பிரிட்டனில் உரிமம் பெற்ற பயிற்சியாளரின் பெயரில்தான் குதிரை ஓட முடியும். அவர் செத்தால் உரிமம் இன்னொருவர் பெயருக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதலாளிகள் வண்டி அனுப்பித் தங்கள் குதிரைகளை வேறு லாயத்துக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். யாருக்கு உரிமம் வரும், யாருக்கு வேலை போகும், எந்தக் குதிரை எங்கே போகும்? கொலைக்குக் காரணம் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒன்றரை மணி நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கைவிலங்கு மாட்டி முடிந்ததும் பாட்டு வந்துவிட்டது, அந்தக் குதிரைக்கு இனி யார் தீனி வைப்பார்கள் என்றுகூடச் சொல்லாமல்.