வெடிமருந்தும் காகிதமும்

சீன ஓவியர் சாய் குவோ-சியாங்கைப் பலரும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வாணவேடிக்கையாய் வானில் நடந்துபோன 29 காலடித் தடங்களை வைத்தே அறிந்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய கலையின் உயிர் தரையில் விரித்த காகிதத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அவர் 1957இல் சுவான்ஜோவில் பிறந்தவர். (1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே துறைமுக நகரம்.) நல்லதுக்கும் கெட்டதுக்கும் பட்டாசு வெடிக்கும் அந்த ஊரில், 1980களின் நடுவில் வெடிமருந்தை ஓவியப் பொருளாக்கினார். எல்லாம் மேலிருந்தே தீர்மானிக்கப்பட்ட சமூகத்தில் வளர்ந்தவர், தன் கைக்கு அடங்காத ஒரு பொருளைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

காகிதத்தின் மீது அட்டையில் வெட்டிய உருவங்களை வைத்து, வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த தூளைத் தூவி, இடையே திரியை ஓட்டி, மேலே அட்டைகளைப் போர்த்திக் கற்களைப் பாரமாக வைத்துப் பற்றவைக்கிறார். கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து முடிகிறது; உதவியாளர்கள் புகைக்குள் ஓடிவந்து துணியால் பொறிகளை அணைக்கிறார்கள். அட்டையைத் தூக்கினால், திரி ஓடிய வழி கரிய கோடாகவும், மருந்து பரவிய ஓரம் பழுப்பும் சாம்பலுமாகவும், சில இடங்களில் காகிதமே பொத்தலாகவும் தெரிகிறது. தூளின் அளவையும் பாரத்தின் இடத்தையும் அவர் முடிவு செய்கிறார், மிச்சத்தை நெருப்பு முடிவு செய்கிறது. அந்தக் கருகிய விளிம்பை எந்தத் தூரிகையாலும் தீட்டிவிட முடியாது.

வானில் அவர் செய்தவற்றில் 2015 ஜூனில் சுவான்ஜோவை ஒட்டிய ஹுயூ தீவில் எரிந்த வான ஏணியை மட்டும் நான் இதற்கு இணையாக வைப்பேன். 1994 முதல் இங்கிலாந்தின் பாத், ஷாங்காய், லாஸ் ஏஞ்சல்ஸ் என மூன்று ஊர்களில் கைகூடாமல் போன ஆசை அது. கடைசியில், ஹீலியம் பலூன் தூக்கிப் பிடித்த 500 மீட்டர் ஏணி, அவருடைய நூறு வயதுப் பாட்டிக்காக ஒரு விடியற்காலையில் எரிந்தது. அதில் விளம்பரம் இல்லை, மேடை இல்லை.

2025 செப்டம்பரில் திபெத்தின் கியான்ட்சே பகுதி மலைகளில், ஓர் ஆடை நிறுவனத்தின் ஆதரவுடன் அவர் நடத்திய வாணவேடிக்கை இதற்கு நேர் எதிரானது. சுற்றுச்சூழல் பாதிப்பைச் சுட்டி எழுந்த கடும் கண்டனத்துக்குப் பின் இரு தரப்பும் மன்னிப்புக் கேட்டன. மக்கக்கூடிய பொருள்களையே பயன்படுத்தினோம் என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காகிதத்தில் வெடிமருந்து விட்டுச்செல்லும் தடம்தான் ஓவியம். மலையிலோ அந்தத் தடம் வெறும் சேதம். அந்த நிகழ்வுக்கு அனுமதியே கொடுத்திருக்கக் கூடாது.